பரிசீலனை கடலுக்குப் போன கதை

"இந்தக் கை இனிமே யாருக்கும் விண்ணப்பம் எழுதாது. செத்தாலும் எழுதாது!"

இந்த வீரவசனம் போர்க்களத்தில் பேசப்பட்டதல்ல. ஒரு பெரிய அலுவலகத்தின் மூன்றாவது மாடி, விடுப்புப் பிரிவு, பிற்பகல் மூன்றே முக்கால் மணி. பேசியவர் கையில் வாளுக்குப் பதில் பாதி கடித்த கேக். எதிரே நின்ற நாற்பது பேரும் கைதட்டினார்கள். அதில் முப்பத்தெட்டுப் பேர் தட்டியது மனிதர் ஒருவழியாகப் போகிறாரே என்ற நிம்மதியில். மீதி இருவர் புதிதாகச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு இன்னும் விடுப்பு தேவைப்பட்டிருக்கவில்லை.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடிருந்தது. மற்றபடி வாசல் காவலாளியிலிருந்து தலைமை அதிகாரி வரை எல்லோருக்கும் அவர் 'பரிசீலனை'. "சார், என் லீவு லெட்டர் என்னாச்சு?" என்று வந்து நின்ற அத்தனை பேருக்கும் இருபத்தாறு வருடங்களாகத் தலை நிமிராமல் அவர் சொன்ன பதில் அதுதான். பல் பிடுங்க வேண்டுமா, பரிசீலனையில் இருக்கிறது. வீடு மாற்ற வேண்டுமா, பரிசீலனையில் இருக்கிறது. ஒருவர் தன் கல்யாணத்துக்குக் கேட்ட விடுப்பு முதல் குழந்தை நடக்க ஆரம்பித்த பிறகுதான் வந்து சேர்ந்தது என்று ஒரு கதை உண்டு. இது மிகை. குழந்தை அப்போது தவழ்ந்துகொண்டுதான் இருந்தது.

அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று சொல்வது நியாயமில்லை. அவருக்கு விதி தெரியும், அவ்வளவுதான். விதி தெரிந்தவனுக்கு நெஞ்சு எதற்கு? தவிர, அவரும் விண்ணப்பம் எழுதியவர்தான். வருடா வருடம் தன் மேலதிகாரிக்குப் பத்து நாள் விடுப்புக் கேட்டு எழுதுவார். வருடா வருடம் அது மேலே போய், கொஞ்ச நாள் காற்று வாங்கிவிட்டு, 'ஏற்பதற்கில்லை' என்று சுருங்கித் திரும்பி வரும். பத்து நாளும் எங்கும் போவதற்கு இல்லை. வீட்டில் மனைவியோடு உட்கார்ந்திருப்பதற்கு.

மனைவிக்கு நகரத்துக் குடிநீர்ப் புகார்ப் பிரிவில் வேலை. தொலைபேசியில் "வணக்கம், சொல்லுங்க" என்று ஆரம்பித்து, தண்ணீர் வராதவர்களின் வசவுகளையெல்லாம் வாங்கி, பொறுமையாக எழுதிக்கொள்ளும் வேலை. பிற்பகல் இரண்டு மணிக்குப் போனால், கணவர் தூங்கிய பிறகுதான் வருவாள். அவர் காலையில் கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். அவருக்கு வார விடுமுறை ஞாயிறு, அவளுக்குப் புதன். குடும்பம் நடந்தது ஃபிரிட்ஜ் கதவில். 'பால் வாங்கியாச்சு.' 'குழாய் ஒழுகுது, ஆள் நாளைக்கு வருவான்.' 'தலைவலியா? மாத்திரை மேல்தட்டுல.' பிள்ளைகள் இல்லை. யாராவது விசாரித்தால் அவள் சொல்வாள்: "இருந்திருந்தா எந்த ஷிஃப்ட்ல வளர்த்திருப்போம், சொல்லுங்க?" விசாரித்தவர் சிரிப்பார். அவளும் கூடவே சிரிப்பாள்.

இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருந்த காலத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார். மூன்றரை வருடம் வந்தது. எங்கோ பிழை என்று மறுபடி கூட்டினார். மூன்றே கால் வந்தது. மூன்றாம் முறை கூட்ட அவருக்குத் தைரியம் வரவில்லை.

இந்த நிலையில்தான் பல் டாக்டரின் காத்திருப்பு அறையில், ஒரு பழைய பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்தார். ஒரு பாய்மரப் படகு. அதன் பின்பக்கத்தில் ஓர் ஆணும் பெண்ணும் அருகருகே உட்கார்ந்து ஆளுக்கொரு கோப்பையைப் பிடித்திருந்தார்கள். சுற்றிலும் வேறு எதுவுமே இல்லை. இருமலை வரவழைத்துக்கொண்டு, அந்தச் சத்தத்தில் பக்கத்தைக் கிழித்தார். அவர் வாழ்க்கையில் செய்த முதல் திருட்டு இது. விதியை மீறினாலும் ஒழுங்காக, ஓரம் நேராக வருமாறு கிழித்தார்.

அடுத்த ஞாயிறு அவள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தபோது அதை நீட்டினார். "பாரு. இவங்கள யாராலயும் பிரிக்க முடியாது. ஏன்னா, போறதுக்கு வேற இடமே இல்ல."

அவள் படத்தைப் பார்த்தாள். "எனக்கு நீச்சல் தெரியாதுங்க."

"எனக்கும்தான் தெரியாது."

"அப்ப சரி," என்றாள். ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றிய ஆலோசனைக் கூட்டம் இவ்வளவுதான் நடந்தது.

உறவில் இதை எதிர்த்த ஒரே ஆள் மச்சான், அவளுடைய தம்பி. "மாமா, ஏரியில பெடல் போட்ல போய் வாந்தி எடுத்தவர் நீங்க. அதுவும் கரையில கட்டியிருந்த போட்டு."

"அது காலையில சாப்பிட்டது ஒத்துக்கலடா."

"ஆழம் தெரியாம காலை விடாதீங்கன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க."

"ஆழத்தைக் காட்ட மிஷின் இருக்கு. மீட்டர் கணக்குல காட்டும்."

மச்சான் அக்காவைப் பார்த்தான். அவள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சரி, புருஷனும் பெண்டாட்டியும் கூடிப் பேசிவிட்டார்கள், நடுவில் நாம் யார் என்று அவன் பெட்டி கட்ட உதவி செய்யப் போய்விட்டான்.

விருப்ப ஓய்வுக்கும் ஒரு விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது. அது ஐந்து மாதம் பரிசீலனையில் இருந்தது. மேலே சொன்ன சபதம் அந்தக் கடைசி விண்ணப்பத்துக்கு அனுமதி வந்த அன்று, கேக்கோடு சேர்ந்து வாயிலிருந்து வந்தது.

அவளும் வேலையை விட, இருவரும் ஒரு வருடம் முறையாகப் பாடம் படித்தார்கள். பாய் ஏற்ற, இறக்க, முடிச்சுப் போட, நங்கூரம் இறக்க, ஒருவாறு நீந்தக்கூடக் கற்றார்கள். வீட்டை விற்று, பதினொரு மீட்டர் நீளத்தில் ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கினார்கள். கீழே ஓர் அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே மேஜை, அதிலேயே படுக்கை. மேலே போக ஐந்து படி. சுக்கானைத் தானாகவே பிடித்துக்கொள்ளும் ஒரு கருவி. பாடம் சொன்ன பெண்மணி கிளம்பும் நாளில் ஒரே ஓர் எச்சரிக்கைதான் சொன்னார்: "கரை தெரியாத இடத்துல எந்த நேரமும் யாராவது ஒருத்தர் முழிச்சிருக்கணும். பெரிய கப்பல் வந்தா ஹாரன் அடிச்சு வழி கேக்காது. மாத்தி மாத்திப் பாத்துக்குங்க, உங்க வசதிப்படி."

'யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும்' என்பது பரிசீலனையின் காதில் கணீரென்று விழுந்தது. 'உங்க வசதிப்படி' என்பது விழவில்லை. இருபத்தாறு வருட அலுவலகக் காதுக்கு அந்த மாதிரிச் சொற்கள் கேட்பதில்லை.

அன்று மாலையே டியூட்டிப் பட்டியல் தயாரானது. காலை எட்டிலிருந்து பன்னிரண்டு அவர். பன்னிரண்டிலிருந்து நான்கு அவள். நான்கிலிருந்து எட்டு அவர். இப்படியே நாள் முழுதும் சுற்றி வரும். அவருக்கு நீல மை, அவளுக்குப் பச்சை மை, பிளாஸ்டிக் உறை போட்டு அடுப்புக்கு மேலே ஒன்று, படுக்கைக்கு மேலே ஒன்று, கோப்பில் ஒன்று. ஒருவர் மாறி ஒருவர் வரும்போது பொறுப்பு ஒப்படைக்கும் முறையும் உண்டு. போகிறவர் திசை, காற்று, கண்ணுக்குத் தெரியும் கப்பல்கள் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். வருகிறவர் "ஏத்துக்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். மணிக்கொரு தரம் டியூட்டியில் இருப்பவர் கீழே இறங்கி வந்து நோட்டில் பதிய வேண்டும்.

"இதுல நாம எப்பங்க ஒண்ணா உக்காருவோம்?" என்று அவள் கேட்டாள்.

"அதான் இருபத்து நாலு மணி நேரமும் ஒண்ணாத்தானே இருக்கோம்!" என்றார். பதில் பொய்யில்லை. நாற்பது அடிக்குள் இருவரும் இருந்தார்கள்.

கடலில் முதல் மாதம் அவளுடைய பதிவுகள் அலுவலக ஒழுங்குக்கு அடங்கவில்லை. 'பிற்பகல் 2. காற்று தென்மேற்கு. உங்க குறட்டை வடகிழக்கு.' 'பிற்பகல் 3. மழை. டீ ஃப்ளாஸ்க்ல இருக்கு, ஆறறதுக்குள்ள குடிங்க.' 'காலை 6. சின்னப் பறவை ஒண்ணு வந்து கயித்துல உக்காந்துது. எழுப்பலாம்னு நினைச்சேன். பாவம் தூங்கறீங்க.' அவர் இவற்றின் ஓரத்தில் சிறிய டிக் போடுவார். பார்த்தேன் என்று பொருள்.

அவருக்கும் டியூட்டி நேரம் நீளமாகத்தான் இருந்தது. ஒரு நாள் காலை டால்பின்கள் வந்தன. படகுக்கு முன்னால் குதித்து, திரும்பி, மறுபடி குதித்தன. அவர் எழுந்து நின்று, "ஏய், ஏய், இங்க வாயேன்!" என்று கத்த வாயெடுத்தார். கீழே போகும் கதவைப் பாதி திறந்தார். அவள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு தூங்கினாள். அவளுடைய ஓய்வு நேரம். கதவைச் சத்தமில்லாமல் மூடினார். பிறகு நோட்டில் எழுதினார்: 'டால்பின் – 9 (தோராயமாக).'

பன்னிரண்டு மணிக்குப் பொறுப்பு ஒப்படைக்கும்போது, "டால்பின் வந்துது," என்றார்.

"தெரியும். எழுதியிருந்தீங்க."

"ஒம்பது."

"தோராயமா," என்றாள் அவள்.

பேச்சு அதோடு முடிந்தது. அவர் கீழே இறங்கிப் படுத்தார். படுக்கையில் அவள் விட்டுப்போன சூடு இருந்தது. அந்தப் படகில் இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்தச் சூடு ஒன்றுதான். அதுவும் கால் மணி நேரத்தில் அவருடையதாகிவிடும்.

துறைமுகங்களில் நிலைமை மாறியிருக்கலாம். மாறவில்லை. நங்கூரம் நழுவினால் என்ன செய்வது என்று அங்கேயும் பட்டியல் அமலில் இருந்தது. அவள் கரைக்குப் போய் வருவாள். துணி துவைக்கும் கடைக்காரி, கயிறு விற்பவர், பக்கத்துப் படகுக்காரர் மனைவி என்று எல்லோரிடமும் பேசுவாள், பாஷை தெரியாதவர்களிடம் கையால் பேசுவாள். திரும்பி வந்து அதைச் சொல்ல வாயெடுக்கும்போது, அவர் அப்போதுதான் தூங்கியிருப்பார். பட்டியல்படி.

மூன்றாம் மாதத்தில் ஒரு நாள், குறிப்பு எழுதும் கட்டத்தில் பச்சை மையில் இப்படி இருந்தது: 'தூக்கம் வரலீங்க. உங்க டியூட்டில மேல வந்து கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காரட்டுமா?'

அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். 'பரிசீலிக்கப்பட்டது. ஓய்வு நேரத்தில் ஓய்வு அவசியம். ஏற்பதற்கில்லை.' கீழே சுருக்கொப்பம். தேதி.

இதை அவர் விளையாட்டுக்கு எழுதினார் என்று சொல்ல நமக்கும் ஆசைதான். இல்லை. அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்ததை அவர் கவனித்திருந்தார். நன்றாகத் தூங்கட்டும் என்ற அக்கறையில்தான் எழுதினார். அக்கறையை அவருக்கு வேறு எந்த நடையிலும் எழுதத் தெரியாது.

அவள் படித்தாள். பன்னிரண்டு மணிக்கு மேலே வந்து, திசை கேட்டாள், காற்று கேட்டாள், "ஏத்துக்கிட்டேன்," என்றாள்.

இதற்குப் பிறகு ஆறு வாரம் ஓடியது. ஒரு துறைமுகத்தில், காலை ஏழரை மணிக்கு, மடக்கு மேஜையில் ரொட்டி வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "அடுத்த துறைமுகத்துல நான் இறங்கிக்கறேங்க."

"சாமான் வாங்கவா? இங்கயே கிடைக்குமே."

"இல்ல. இறங்கிக்கறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"தேதி போட்டு லெட்டர் குடுக்கணுமா?"

அவர் ரொட்டியைக் கீழே வைத்தார். "கோவமா?"

"கோவம்லாம் இல்லங்க. தம்பி வீட்டு மாடி ரூம் காலியா இருக்கு. அங்க இருந்தா கீழ நாலு பேர் பேசற சத்தமாவது கேக்கும்."

"இங்கதான் நான் இருக்கேனே!"

"எங்க?" என்றாள் அவள். சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே ஒரு தரம் அடுப்பையும் படுக்கையையும் படியையும் பார்த்தாள். "நான் முழிச்சா நீங்க தூங்கறீங்க. நீங்க முழிச்சா நான் தூங்கறேன். வீட்ல ஃபிரிட்ஜ் கதவு, இங்க நோட்டு. அதுக்கு எதுக்குங்க இவ்ளோ தண்ணி?"

கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள். படகு கவிழவில்லை, கயிறுகூட அவிழவில்லை. பரிசீலனை இரண்டு கன்னத்திலும் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டு மணி அடித்தது. அவருடைய டியூட்டி. மேலே போய், கட்டிப் போட்ட படகைக் காவல் காத்தார்.

அவள் கடைக்குப் போன நேரத்தில் மச்சானுக்குப் போன் போட்டார்.

"வாங்க கேப்டன் மாமா! ரூம் ரெடி. ஜன்னலுக்குத் திரை போட்டாச்சு. அக்கா என்ன கலர்னு சொல்லவே இல்ல, நானே நீலம் போட்டுட்டேன். கடல்ல இருந்து வர்றவளாச்சே."

"எப்ப சொன்னா உன்கிட்ட?"

"போன மாசமே சொல்லிட்டா. ஏன் மாமா, உங்களுக்குத் தெரியாதா?" அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "நோட்டுல எழுதி வைக்கலையா?"

மச்சானின் சிரிப்பு நின்றது. "மாமா, ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. அக்கா போன்ல ரொம்ப நேரம் பேசறா. முன்னாடிலாம் ரெண்டு நிமிஷத்துல வெச்சிடுவா. இப்ப, 'வேற என்ன, வேற என்ன'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. என்கிட்ட அவ்ளோ விஷயம் எங்க இருக்கு? வீட்டு மிக்ஸி ரிப்பேரானதையே மூணு தடவை சொல்லிட்டேன்."

அடுத்த துறைமுகம் மூன்று நாள் பயணம். காற்று நன்றாக இருந்தது. அந்த மூன்று நாளில் காற்று நின்றுபோக வேண்டும் என்று ஒருவர் மனதுக்குள் விரும்பினார். கடலுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. எழுதிக் கொடுத்தால்தானே தெரியும்?

இரண்டாம் நாள் பிற்பகல். அவள் மேலே. அவருக்கு ஓய்வு நேரம், தூக்கம் வரவில்லை. எழுந்து நோட்டை எடுத்து, தணிக்கைக்கு வந்தவர்போல் முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். குறட்டை, டீ, பறவை, மறுபடி டீ. 'இன்னைக்கு உங்க சட்டை பட்டன் தைச்சேன்.' 'சூரியன் உதிக்கறது இன்னைக்கு ஆரஞ்சுப் பழம் மாதிரி.' எல்லாவற்றுக்கும் ஓரத்தில் டிக். பிறகு சிவப்பு மை. அதற்கடுத்த பக்கத்திலிருந்து பச்சையில் எண்கள். திசை, வேகம், காற்றழுத்தம். அடுத்த பக்கம் எண்கள். ஆறு வாரத்துக்கும் எண்கள். ஒரு குறை சொல்ல முடியாத பதிவு. அவர் எப்போதும் மற்றவர்களிடம் எதிர்பார்த்த மாதிரியான பதிவு.

அவர் எழுந்து படியருகே போனார். இரண்டு படி ஏறினார். மேலே குரல் கேட்டது. ரேடியோவில் யாரோ அழைக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தார். இல்லை. அவள் முதுகு மட்டும் தெரிந்தது. ஒரு கை சுக்கான்மேல், இன்னொரு கையில் ஒன்றுமில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, அந்தப் பழைய தொலைபேசிக் குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"வணக்கம், சொல்லுங்க... தண்ணி வரலீங்களா? எத்தனை நாளா?... ஐயோ. கோவப்படாதீங்க, எழுதிக்கறேன்... இல்லங்க, நான் இருக்கேன் லைன்ல, சொல்லுங்க... வீட்ல வேற யாரும் இல்லீங்களா? தனியாவா இருக்கீங்க?"

சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர். அவள் கொஞ்சம் நிறுத்தி, காது கொடுத்துக் கேட்டாள். பிறகு, "சொல்லுங்க, சொல்லுங்க," என்றாள்.

இரண்டு படியையும் அவர் பின்பக்கமாகவே இறங்கினார். விறுவிறுவென்று மேலே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். யார் தடுக்கப் போகிறார்கள்? ஆனால் இப்போது அவருக்கு விதியைப் பற்றிய பயமில்லை. அவள் பக்கத்தில் உட்காரத் தனக்கு இன்னும் இடம் இருக்கிறதா என்பது தெரியவில்லை. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வாயால் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை.

மேஜை முன்னால் உட்கார்ந்தார். நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார். சிவப்புப் பேனாவைத் தள்ளிவிட்டு நீலத்தை எடுத்தார். 'அனுப்புநர்' என்று எழுதி, தன் பெயரைப் போட்டார், பெற்றோர் வைத்த பெயரை. 'பெறுநர்' என்று எழுதி, 'டியூட்டியில் உள்ளவர்' என்று போட்டார். அதை அடித்துவிட்டு அவள் பெயரை எழுதினார். அந்தப் பெயரைக் கையால் எழுதி எத்தனை வருடம் ஆயிற்று என்று தெரியவில்லை. எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது.

பொருள்: மேலே வந்து பக்கத்தில் உட்கார அனுமதி கேட்டல்.

காலம் என்ற இடத்தில் எதிலிருந்து எதுவரை என்று போட வேண்டும். நாளை துறைமுகம். 'நாளை வரை' என்று எழுதக் கை போனது, எழுதவில்லை. காலியாக விட்டார்.

காரணம் என்ற இடத்தில்தான் அதிக நேரம் ஆனது. பேனா மூன்று தரம் காகிதத்தைத் தொட்டு எழுந்தது. கடைசியில் சின்ன எழுத்தில், 'தனியாக இருக்க முடியவில்லை' என்று எழுதினார். சுருக்கொப்பம் போடவில்லை, முழுக் கையெழுத்துப் போட்டார். நோட்டைத் திறந்தபடியே மேஜைமேல், படியிலிருந்து இறங்கி வருபவர் பார்க்கும் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

மூன்று மணிக்கு அவள் பதிவு எழுத இறங்கி வருவாள். இன்னும் பத்து நிமிடம் இருந்தது. உட்கார இடமிருந்தும் உட்காராமல், கைகளை முன்னால் கட்டிக்கொண்டு, மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று காத்திருந்தார்.